வீட்டில் ஒரு பாம்பு: நாட்டுப் பாம்பா, பால் பைத்தானா, வளர்க்காமலே இருப்பதா?

அக்காள் மகன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஒரு பால் பைத்தான் (ball python, வெளிநாட்டுச் சிறு மலைப்பாம்பு) வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டான். அவனுடைய அம்மாவிடம் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மாமாவுக்குப் பாம்புகள் மேல் பிரியம் என்பதும் தெரியும். முடியாது என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடுகிற தெருவில் வளர்ந்த பிள்ளை அதை ஓர் உயிராகப் பார்க்க விரும்புவதே எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது. ஆகவே இருவரும் சில வாரங்கள் செலவிட்டு, இங்கே ஒருவருக்கு உள்ள வழிகள் என்னென்ன, ஒவ்வொரு வழியிலும் சட்டம் என்ன கேட்கிறது, பாம்புக்கு என்ன நேர்கிறது என்று அலசினோம். அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

வழிகள் மூன்று: நம் ஊர்ப் பாம்பு ஒன்றை வைத்துக்கொள்வது, வெளிநாட்டு இனம் ஒன்றைச் சட்டப்படி வாங்கிப் பதிவுசெய்து வளர்ப்பது, சொந்தமாக வளர்க்காமல் பாம்புகளோடு பழகுவது. முதல் வழியை நான் ஒரு வழியாகவே கருதவில்லை. ஆனாலும் எத்தனையோ பேர் அது குற்றம் என்று அறியாமலே அதைத்தான் செய்கிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பாம்பு

கிணற்றில் விழுந்த சாரை, மழைக்குப் பின் வாசலுக்கு வந்த தண்ணீர்ப் பாம்புக் குட்டி, கரும்பு வெட்டும்போது கிடைத்த மலைப்பாம்புக் குட்டி என்று ஏதாவது ஒன்று கைக்கு வருகிறது. விஷமில்லாததுதானே, காப்பாற்றித்தானே வைத்திருக்கிறோம் என்று மனம் சமாதானம் சொல்கிறது. சட்டம் அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிக்கவில்லை. பிடிப்பதும், பொறி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும் வேட்டைதான். மலைப்பாம்பு அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். முதல் அட்டவணை உயிரினம் ஒன்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டுகளும் அதிகபட்சம் 7 ஆண்டுகளும் சிறைத் தண்டனை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன், மண்ணுளி ஆகியவையும் இதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே. காட்டிலோ வயலிலோ உள்ள ஒரு பாம்பைப் புதிதாகப் பிடித்து வீட்டில் வளர்க்கத் தனிநபர் ஒருவருக்கு உரிமம் கிடைக்காது. உயிரியல் பூங்கா நடத்துபவரே மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரத்தைப் பெற்றாக வேண்டும்.

இந்த வழியில் மிக அதிகமாக வதைபடுவது மண்ணுளிப் பாம்பு. வாலும் தலையைப் போல மழுங்கி இருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர் பெற்ற இந்தச் சாதுவான பிராணி, வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற கதைக்கு இரையாகிவிட்டது. எடை கூடக் கூட விலை கூடும் என்று தரகர்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கையால் இலட்சக்கணக்கில் பேரம் நடப்பதும், பாம்போடு பிடிபட்டவர்கள் சிறைக்குப் போவதும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் திரும்பத் திரும்பச் செய்தியாகின்றன. மண்ணில் புதைந்து எலி தின்று வாழும் ஒரு பாம்பை நெகிழிக் குடத்தில் அடைத்து வைத்தால் அது சேர்க்கும் செல்வம் எதுவும் இல்லை. உழவரின் வயலில் எலியைக் குறைப்பது ஒன்றே அது தரும் உண்மையான செல்வம், அதையும் வயலில் இருந்தால்தான் தர முடியும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாம்பின் பக்கம் நின்று பார்த்தாலும் இதே முடிவுதான் வருகிறது. காட்டிலிருந்து வந்த பாம்பு உடலில் ஒட்டுண்ணிகளோடு வரும். அடைபட்ட அதிர்ச்சியில் பல பாம்புகள் இரையைத் தொடுவதே இல்லை. கட்டாயமாக ஊட்ட முயன்றால் தாடையும் உணவுக்குழாயும் காயப்படும். சில மாதங்களில் சலித்துப்போய், பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால், ஒளிவிடமும் நீரும் எங்கே என்று அறியாமல் அது அங்கேயே மடிந்துபோகக் கூடும். உங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூர நின்று கண்காணித்தபடி வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லிவிடுவது.

வெளிநாட்டு இனங்களும் 2024 விதிகளும்

இரண்டாவது வழிதான் அக்காள் மகன் மனத்தில் வைத்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான், அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக், தென் அமெரிக்க போவா ஆகியவை இந்தியாவில் பல வீடுகளில் வளர்கின்றன. நீண்ட காலம் இவை சட்டத்தின் கண்ணுக்கு எட்டாமல் இருந்தன. வன உயிரினச் சட்டம் நம் நாட்டு உயிரினங்களையே பேசியது, வெளிநாட்டுப் பிராணிகள் சுங்கச் சட்டத்தோடு நின்றுவிட்டன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து தெரிவிக்கலாம் என்று ஒரு வாய்ப்பை அளித்தது. பிறகு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் எனப்படும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களை நம் சட்டத்துக்குள் நான்காம் அட்டவணையாகவே கொண்டுவந்துவிட்டது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதைத் தொடர்ந்து 2024 பிப்ரவரி 28 அன்று, உயிருள்ள விலங்கினங்களைத் தெரிவிப்பதற்கும் பதிவுசெய்வதற்குமான விதிகள் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. இப்போது புதிதாக வாங்குபவர் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அலுவலகம் அதைப் பரிசீலிக்கும். பாம்பு குட்டி போட்டாலோ இறந்தாலோ வேறொருவர் கைக்கு மாறினாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மலைப்பாம்பு வகைகளும் போவா வகைகளும் ஏறத்தாழ முழுமையாக சைட்டிஸ் பட்டியலில் உள்ளன. பால் பைத்தான் அதன் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எனவே கார்ன் ஸ்நேக்குக்குப் பரிவேஷ் பதிவு தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வது தவறல்ல. ஆனால் அதை ஒரு வசதியாக மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பால் பைத்தான் வைத்திருப்பவரிடம், இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது, யார் கை மாறியது என்று காட்ட அரசு ஏற்ற ஆவணம் ஒன்று இருக்கும். கார்ன் ஸ்நேக் வைத்திருப்பவரிடம் விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீதைத் தவிர வேறொன்றும் இருக்காது. பட்டியலில் இல்லாத இனமானாலும் உயிருள்ள பிராணியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமமும் கால்நடைத் தொற்றுத்தடுப்புச் சான்றும் தேவை. ஆகவே கார்ன் ஸ்நேக் வாங்குபவர், அது இந்தியாவிலேயே முட்டையிலிருந்து வெளிவந்தது என்பதற்கான எழுத்துப்பூர்வமான விவரத்தை, தாய் தந்தைப் பாம்புகளின் விவரத்தோடு கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது தன் பாதுகாப்புக்காகத் தானே செய்துகொள்ள வேண்டிய வேலை.

இது வெறும் காகிதக் கவலை என்று நினைப்பவர்கள் சென்னை விமான நிலையத்தின் சுங்கப் பதிவுகளை நினைத்துப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்களும் அவற்றோடு சின்னஞ்சிறு குரங்குகளும் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் உடைமைகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. துணிப் பையிலும் நெகிழி டப்பாவிலும் திணிக்கப்பட்டு, சரக்கோடு சரக்காக வந்த உயிர்கள் அவை. பிடிபட்ட பிராணிகளைப் புறப்பட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். பிடிபடாதவை எங்கே போகும் என்பதுதான் வாங்குபவரின் கேள்வியாக இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் சந்தை விலைக்கு வெகு குறைவாக, ரசீதும் முகவரியும் இல்லாமல் வந்து நிற்கும் பாம்பு அப்படி வந்ததாக இருக்கலாம். அதை வாங்கியவர் மனிதாபிமானத்தால் ஓர் உயிரைக் காப்பாற்றியதாக நினைத்தாலும், அடுத்த பெட்டிக்கான முன்பணத்தைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுக்குரிய கார்ப்பெட் பைத்தானை மாநில உரிமத்தோடு வளர்க்கலாம், கார்ன் ஸ்நேக் வைத்திருப்பது குற்றம்; நம் நாட்டுச் சட்டத்துக்கு இது நேரெதிர். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்க அனுமதியில்லை. பிரிட்டனில் பால் பைத்தானுக்கு உரிமம் வேண்டியதில்லை, நச்சுப் பாம்புக்கு வேண்டும். ஒரு நாட்டில் படித்ததையோ பார்த்ததையோ வைத்து இன்னொரு நாட்டில் வாங்கிவிடக் கூடாது.

எந்த இனம்

நச்சுள்ள வெளிநாட்டுப் பாம்பைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: இந்தியாவில் தயாராகும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது, ஆகவே வேற்று நாட்டு நாகமோ விரியனோ கடித்தால் மருத்துவரிடம் உங்களுக்குக் கொடுக்க உரிய மருந்து இருக்காது.

மிகப் பெரிதாக வளரும் இனங்களும் வீட்டுக்கு ஏற்றவை அல்ல. கைக்குள் அடங்கும் குட்டியாக வாங்கப்படும் பர்மியப் பைத்தான் 4 மீட்டரைத் தாண்டும். அப்போது அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படி வாங்கப்பட்டு, வளர்க்க முடியாமல் விடப்பட்டும் தப்பியும் போன பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே சாலையோரங்களில் கண்ணில்பட்ட ரக்கூன்களின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதைக் காட்டியது. அதே ஆண்டு அமெரிக்க அரசு அந்த இனத்தின் இறக்குமதியைத் தடைசெய்தது. காலம் கடந்த தடை அது.

மிஞ்சுவது பால் பைத்தானும் கார்ன் ஸ்நேக்கும். இரண்டும் மூன்று முதல் ஐந்து அடிக்குள் அடங்குபவை. இரண்டுக்கும் நஞ்சு இல்லை. பால் பைத்தான் மெதுவானது, அஞ்சினால் கடிப்பதற்குப் பதிலாகப் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். அதன் பெயரே அதனால் வந்தது. ஆனால் சாப்பாட்டில் மிகவும் பிடிவாதக்காரப் பிராணி. வெப்பநிலை சற்று மாறினாலும், இனப்பெருக்கப் பருவம் வந்தாலும், சில சமயம் காரணமே புலப்படாமலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இரையை மறுக்கும். புதிதாக வளர்ப்பவருக்கு அந்த நாட்கள் தூக்கமில்லாதவை. கார்ன் ஸ்நேக் துறுதுறுப்பானது, எந்தச் சிறு இடுக்கிலும் நுழைந்து தப்பக்கூடியது. ஆனால் தவறாமல் சாப்பிடும், சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆயுளிலும் வேறுபாடு உண்டு. கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டுகள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயதைக் கடந்த ஒரு பெண் பாம்பு 2020இல் முட்டையிட்டது. முதல் பாம்பு எது என்று கேட்டால் நான் கார்ன் ஸ்நேக் என்பேன். ஆவண உறுதி பெரிதென்று நினைப்பவர் பால் பைத்தானைத் தேர்ந்தால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

நிறத்துக்காக மட்டும் தேர்வதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். பால் பைத்தானில் நூற்றுக்கணக்கான நிற வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஸ்பைடர் என்னும் வகையில் அழகான அந்த நிறக்கோலத்தோடு ஒரு நரம்புக் கோளாறும் பிரிக்க முடியாமல் சேர்ந்தே வருகிறது; தலை நடுங்கும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் தடுமாறும், சில பாம்புகள் மல்லாந்து திருகிக்கொள்ளும். பார்வைக்காக ஒரு பிராணியைப் பிறவி நோயாளியாக்கும் வணிகத்துக்கு நம் பணம் போகக் கூடாது.

பராமரிப்பு என்னும் கணக்கு

வாங்கும் விலை இந்தக் கணக்கில் மிகச் சிறியது. வளர்ந்த பால் பைத்தானுக்கு ஏறத்தாழ நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள, பூட்டக்கூடிய கூடு வேண்டும். அதன் ஒரு முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுமுனை 25 முதல் 27 பாகை, இரு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம். வெளிநாட்டுக் காணொளிகள் எல்லாம் கூட்டை எப்படிச் சூடாக்குவது என்றே சொல்லித் தருகின்றன. சென்னையிலும் வேலூரிலும் பிரச்சினை தலைகீழானது. மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், மின்சாரம் நின்ற பிற்பகலில், கூட்டின் குளிர்ந்த முனையே 35 பாகையைத் தாண்டிவிடும். அந்த வெப்பம் நீடித்தால் பாம்பு பிழைப்பது கடினம். ஆகவே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு, வெயில் படாத அறையும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இருந்தாக வேண்டும்.

உணவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பாம்பு பால் குடிக்காது, முட்டையும் இறைச்சித் துண்டும் இவற்றுக்கு உணவல்ல. முழு எலிதான் உணவு. வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினான்கு நாட்களுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஆண்டுக்கு 26 முதல் 36 எலிகள், 25 ஆண்டுகளில் 650க்கும் மேல். உயிருள்ள எலியைக் கூட்டுக்குள் விடுவது எலிக்குக் கொடுமை. அஞ்சிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும் என்பதால் பாம்புக்கும் கொடுமை. வலியின்றிக் கொன்று உறைய வைத்த எலியே சரியானது, அது இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் நம் வீட்டு பிரிட்ஜ்தான். சைவம் சமைக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தில் இதை யாரும் மனம் கோணாமல் ஏற்பார்களா என்பதைப் பாம்பு வந்த பிறகு கேட்கக் கூடாது. ஊர்வன சாலமோனெல்லா கிருமியைச் சுமப்பவை என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். நுரையீரல் தொற்று வந்து பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிடும் நாளில் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். ஆடு, மாடு, நாய் பார்க்கும் கால்நடை மருத்துவர்களில் பாம்பைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இவற்றையெல்லாம் தாண்டி நான் மிகவும் அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: உங்களால் முடியாமல் போனால் அது எங்கே போகும்? நாயை உறவினர் வீட்டில் விடலாம். வெளிநாட்டுப் பாம்பை ஏரிக்கரையில் விட முடியாது, விட்டால் அது ஒன்று சாகும் அல்லது நம் உயிரினங்களுக்கு நோயைப் பரப்பும். எந்த நிலையிலும் அது குற்றம். வேலை மாறி வெளிநாடு போகும்போது, திருமணமாகும்போது, வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லும்போது அதைப் பொறுப்பேற்கச் சம்மதித்த இன்னொருவரின் பெயர் இல்லாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது. இதன் மறுபக்கமாக, ஏற்கெனவே இங்கே ஒருவர் பதிவுசெய்து வளர்த்து, இப்போது வைத்திருக்க முடியாமல் தவிக்கும் வளர்ந்த பாம்பைப் பெற்று, கைமாறியதை முறைப்படி பதிவு செய்துகொள்வதே இரண்டாவது வழியில் மிகச் சிறந்த தொடக்கம். அது சாப்பிடும் பழக்கம் தெரிந்த பாம்பு. அதற்காகப் புதிய பெட்டி எதுவும் பாங்காக்கிலிருந்து கிளம்பாது.

வளர்க்காமல் பழகுவது

மூன்றாவது வழியை இரண்டாம்தரமானது என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. அவரும் நண்பர்களும் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணை வடநெம்மேலியில். அங்கேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த இருளர் குடும்பங்கள், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையாலும் வாழ்வாதாரம் இழந்து நின்றபோது, 1978இல் உருவான சங்கம் அது. இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை இவர்கள்தான் தருகிறார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. அந்த எண்ணைக் குறைப்பதில் இருளர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்று நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

ஃபுளோரிடாவின் கதையும் இங்கே வந்துதான் சேர்கிறது. 2017இல் பைத்தான்களைத் தேடிப் பிடிக்க அந்த மாநிலம் அழைத்தது இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். போன இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் குழு 13 பைத்தான்களைப் பிடித்தது, அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அக்காள் மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு அவனுக்கென்று ஓர் அறை இல்லை, பாம்பைப் பொறுப்பேற்க இன்னொரு பெயரும் இல்லை. ஆகவே இப்போதைக்கு வேண்டாம், சொந்த அறையும் சம்பளமும் வந்த பிறகு பதிவோடு கைமாறும் ஒரு வளர்ந்த பாம்பைத் தேடலாம் என்று இருவரும் முடிவுசெய்தோம். அவனுக்கு அதில் வருத்தம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலிக்கு அழைத்துப் போனேன். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலிருந்து கண்ணாடி விரியனை எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் கடிக்க வைத்தார் ஒரு பெரியவர். மஞ்சளாகச் சில துளிகள் விழுந்தன. இதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் அண்ணே என்று இவன் கேட்டான். மூன்று நான்கு வாரம், நாலு தடவை நஞ்சு எடுப்போம், அப்புறம் காட்டில் விட்டுவிடுவோம் என்றவர், பாம்பைத் திருப்பி, அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் இட்டிருந்த சிறு அடையாளத்தை அவனுக்குக் காட்டினார்.